நடுக்கதவுக்கு ஒரு தகடு

விசையை விட்ட பிறகும் கம்பி வந்தது.

அதிகமில்லை, நகத்தின் நீளம்தான். வெல்டிங் துப்பாக்கியின் செம்பு மூக்கிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு நின்றது. சுஜித் முகமூடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு அதையே பார்த்தான். பழைய மிக் மெஷின். ரிலே எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும், விசையை விட்டாலும் மோட்டார் கூட அரைச் சுற்று சுற்றியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு நகம் நீளம் வந்தது. மோட்டாரில் சத்தமே இல்லை.

வெளியே ஜூன் மாதத்து இடவப்பாதி மழை, மத்தியானத்தையே சாயங்காலம்போல ஆக்கிவிட்டுக் திருவனந்தபுரத்துக் கரமனைத் தெரு முழுக்க ஓட்டு விளிம்புகளிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டின் நடு அறைக்குச் சன்னல் கிடையாது. முன்னறையிலிருந்து வருகிற சாம்பல் வெளிச்சமும், தலைக்கு மேலே தொங்கும் ஒற்றை பல்பும், ஈரச் சாக்கு சூட்டில் வெந்து கிளப்பிய ஆவியும், உருகிய செம்பின் கசந்த வாடையும் சேர்ந்து அந்த அறையை ஒரு மூடிய வாய்க்குள் இருப்பது போலாக்கியிருந்தன. சிவப்புச் சிமென்ட் தரையில் மெஷின் ஒரு கழுதைக்குட்டி கணக்காக நின்றது. அதன் பக்கத்தில் கேஸ் சிலிண்டர். எதிரே நடுக்கதவு.

அந்தக் கதவைத்தான் அவன் அடைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு காலத்தில் ஒரே வீடு. அப்பா கோலப்பன் செத்த பிறகு அண்ணன் கிரீஷுக்குப் பாதி, அவனுக்குப் பாதி. இரண்டு பாதிக்கும் நடுவே தேக்குக் கதவு, தாழ்ப்பாள் இவன் பக்கம். அண்ணன் இப்போது பெங்களூரில். அந்தப் பாதி பூட்டிக் கிடக்கிறது. பாகத் தகராறு கோர்ட்டில் இருப்பதால் யாரும் சுவர் கட்டக்கூடாது, இடிக்கக்கூடாது என்று தடை. இரும்புத் தகடு சுவர் இல்லை என்று வக்கீல் பல்லைக் காட்டினார். கதவைச் சுற்றி ஆங்கிள் சட்டம் போல்ட் போட்டாயிற்று. அதன்மேல் தகட்டை வைத்து நாலு பக்கமும் வெல்டு பிடித்தால் முடிந்தது.

ஆள் வைத்துச் செய்திருக்கலாம். ஆள் வந்தால், கதவை ஏன் சார் அடைக்கிறீங்க என்று கேட்பான். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதித்ததில் பாதியை இரும்பிலும் கேஸிலும் கரைத்துக் கற்றுக்கொண்ட வித்தை, சொந்த வீட்டுக்கு உதவாமல் வேறு எதற்கு?

போன் அடித்தது. மனைவி திவ்யலட்சுமி.

"கெளம்பியாச்சு. எங்க அண்ணன்தான் வண்டி ஓட்டுதான். பிள்ளை உறங்குது."

"மழையில பைய வரச் சொல்லு."

"கதவு?"

"நேத்தே சொன்னேன்லா. அடச்சாச்சு."

அந்தப் பக்கம் காரின் வைப்பர் சத்தம் மட்டும் கேட்டது. பிரசவத்துக்கு நாகர்கோவில் போனவள். பிள்ளை பிறந்து மூன்று மாதமாகியும் அவள் திரும்பி வராததற்கு ஊருக்குச் சொல்லிய காரணம் ஒன்று, அவனிடம் சொன்னது இந்தக் கதவு.

"பாருங்க, நான் உள்ள வந்து பாப்பேன். அது அடையாம இருந்துச்சுன்னா ஒரு நிமிஷம் நிக்கமாட்டேன். அப்படியே திருப்பிட்டுப் போயிருவேன். பொறவு நீங்க கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

"அடச்சாச்சுன்னு சொல்லுதேன்."

வைத்துவிட்டாள்.

அடைந்தது மேல் விளிம்பும் இரண்டு பக்கமும் பாதி பாதியும்தான். மேலே கம்பி சமர்த்தாக ஓடியிருந்தது, எண்ணெய் வாணலியில் கடுகு பொரிகிற சீரான சத்தத்தோடு, அடுக்கி வைத்த காசு போல வரிவரியாக. இடுப்புக்குக் கீழே இறங்கியதும் திக்க ஆரம்பித்தது. வரும், நிற்கும், வரும். பிறகு நீளமாக ஒரு உருவல். நெருப்பு அணையும். கம்பி மூக்கில் ஒட்டிக்கொள்ளும்.

லிபியைக் கூப்பிட்டான். காலேஜில் கூடப் படித்தவள், குழித்துறைக்காரி. இப்போது கழக்கூட்டத்துக்கு அப்புறம் ஹைவே ஓரத்தில் தட்டுக்கடைச் சாப்பாட்டு வண்டிகளுக்குக் கூடு கட்டும் பட்டறை நடத்துகிறாள்.

"எடேய், அந்த ஆக்ரிப் பழைய இரும்பை நீ இன்னும் தூக்கிப் போடலியா?"

"கம்பி சரியா வரமாட்டேங்குது லிபி."

"வரவே மாட்டேங்குதா, இல்ல வந்து வந்து நிக்குதா?"

"கேட்டா திக்கித் திக்கி வருது. கேக்காம விட்டா தானா வருது."

"எனக்க மாமியாரு மாதிரி." அவள் சிரித்தாள். பின்னால் கிரைண்டர் அலறி ஓய்ந்தது. "செரி, கேட்டுக்கோ. மொதல்ல மூக்குல உள்ள டிப்பைக் கழத்திப் பாரு, ஓட்டை பொரிஞ்சு அடஞ்சிருக்கும். பொறவு கம்பியைத் தள்ளுத ரோலர். எந்தக் காடியில ஓட்டுத?"

"பாயிண்ட் எட்டு."

"கம்பியும் அதுதான? காடியில செம்புப் பொடி அப்பியிருக்கும், தொடச்சு எடு. ஸ்குரூவை முறுக்காத கேட்டியா. எல்லாவனும் அதைத்தான் செய்யுதான். கம்பி வழுக்குன உடனே முறுக்கு, முறுக்கு. கம்பி நசுங்கிப்போயி உள்ள மாட்டிக்கிட்டு, பொறவு குருவிக்கூடு கணக்கா சுத்திக்கிடும். மரக்கட்டையில முட்டவச்சு ஓட்டிப் பாரு. சுருண்டு வந்தா ரோலர் பிடிக்குதுன்னு அர்த்தம்."

"கீழ வெல்டு அடிக்கும்போ மட்டும்தான் இப்படி. மேல நல்லா ஓடுச்சு."

"மெஷினுக்கு என்னடே மேலயும் கீழயும் தெரியுமா? நீ குனியும்போ கேபிள் மடங்குது. நேரா நீட்டிப் போடு. வைக்கட்டா, ஒரு பார்ட்டி நிக்கான்."

அவள் சொன்னதையெல்லாம் செய்தான். புது டிப் போட்டான். ரோலரின் காடியைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தான். கம்பிச் சுருளின் நடுவிலிருக்கும் பிரேக் நட்டைச் சற்றே தளர்த்தினான். மரக்கட்டையில் முட்டவைத்து விசையை அழுத்தினான். கம்பி சுருண்டு சுருண்டு பூனை மீசை போல வெளியே வந்தது. ரோலர் சரி. பிரேக் சரி. மெஷினில் குற்றமில்லை.

மேல் விளிம்பில் வைத்து அடித்தான். ஓடியது. முழங்கால் உயரத்துக்கு இறக்கினான்.

வந்தது, நின்றது. வந்தது, நின்றது. நீளமாக ஒரு உருவல்.

மிச்சமிருந்தது லைனர். துப்பாக்கியின் குழாய்க்குள் கம்பி ஓடுவதற்கென்றே ஓடுகிற நீண்ட உருக்குச் சுருள் அது. அதில் தூசி சேர்ந்தால் கம்பி திக்கும் என்பது அவனுக்கும் தெரியும். கழற்றி, தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, மெல்ல மெல்ல உருவினான். செம்புப் பொடி உதிரும் என்று எதிர்பார்த்தான். உதிர்ந்தது. ஆனால் அதற்கு முன்னால் வாடை வந்தது. இரும்பின் வாடையல்ல. நல்லெண்ணெயும் மூலிகையும் சேர்ந்து, நாள்பட்ட வியர்வையில் ஊறிப் போர்வை மடிப்புகளில் தங்கிவிடுகிற வாடை. தன்வந்தரம் குழம்பு. பக்கவாதம் வந்து விழுந்தவர்களுக்குக் கைகால் நீவிவிட வைத்தியசாலையில் வாங்குகிற எண்ணெய்.

லைனரின் கடைசி முழத்தில் என்னவோ சுற்றியிருந்தது. நூல் என்று நினைத்து விரலால் இழுத்தான். நீண்டுகொண்டே வந்தது. எண்ணெய்ப் பிசுக்கோடு, வெள்ளையாக, நுனியில் மட்டும் கொஞ்சம் மருதாணிச் சிவப்போடு.

முடி.

செய்தித்தாளைச் சுருட்டிக் குப்பையில் போட்டான். கையை லுங்கியில் துடைத்தான். மெஷினை விற்றவன் வீட்டில் எந்தக் கிழவி இருந்தாளோ, எந்தப் பரணில் கிடந்ததோ என்று சத்தமாகவே சொன்னான். தன் குரல் தகட்டில் பட்டுத் திரும்பியது அவனுக்குப் பிடிக்கவில்லை. லைனரைக் காற்றடித்து மாட்டினான். கேபிளை நேராக நீட்டிப் போட்டான். இரண்டு பக்கமும் எப்படியோ இழுத்து முடித்தான், விட்டு விட்டு, புண் ஆறிய தழும்பு போல அசிங்கமாக. கீழ் விளிம்பு மட்டும் மிச்சம். அங்கே ஆங்கிளுக்கும் தகட்டுக்கும் நடுவே விரல் நுழையாத ஒரு இடுக்கு.

மண்டிபோட்டு, துப்பாக்கியை இடுக்கில் வைத்து, விசையை அழுத்தினான்.

கரண்ட் போனது.

பல்பு, முன்னறை மின்விசிறி, மெஷின் எல்லாம் ஒரே மூச்சில் அடங்கின. மழை மட்டும். அவன் விசையிலிருந்து விரலை எடுத்து, துப்பாக்கியைத் தரையில் கிடத்தி, இருட்டு கண்ணுக்குப் பழகுவதற்காக அப்படியே மண்டிபோட்டபடி இருந்தான். அப்போது அந்தச் சத்தம் கேட்டது. மிகச் சின்னதாக, எண்ணெய் போடாத சைக்கிள் சக்கரத்தை யாரோ காலால் தள்ளித் தள்ளி விடுவது போல.

கிர்ர்க். கிர்ர்க். கிர்ர்ர்ர்ர்ர்ர்.

போனில் டார்ச்சைப் போட்டுத் திருப்பினான். மெஷினின் பக்கவாட்டு மூடி திறந்திருந்தது. உள்ளே கம்பிச் சுருள் சுற்றிக்கொண்டிருந்தது.

கரண்ட் இல்லை. மோட்டார் இல்லை. பிரேக் தளர்ந்ததால் சுருள் தானாகச் சுற்றுகிறது, அவ்வளவுதான். கிட்டே போய் ரோலரின் அழுத்தக் கையைத் தூக்கிவிட்டான். இனி ரோலருக்கும் கம்பிக்கும் தொடர்பே இல்லை. கம்பியைத் தள்ளுவதற்கு இந்த மெஷினில் இனி எதுவுமே இல்லை.

சுருள் நின்றது.

அவன் மூச்சை விட்டான்.

சுருள் சுற்றியது.

கம்பி தள்ளப்படவில்லை. இழுபட்டுக்கொண்டிருந்தது. டார்ச் வெளிச்சத்தைக் கேபிளின் மேல் நகர்த்தி நகர்த்தி மறுமுனைக்குக் கொண்டுபோனான். துப்பாக்கியின் மூக்கிலிருந்து புறப்பட்ட கம்பி, தரையைத் தொட்டும் தொடாமலும், தகட்டின் கீழ் இடுக்குக்குள் நுழைந்திருந்தது. கன்னத்தைத் தரையில் பதித்துப் பார்த்தான். தகட்டுக்குப் பின்னால் ஈரச் சாக்கு. சாக்கின் ஓரமாகத் தேக்குக் கதவு. இரண்டு பலகைகளுக்கு நடுவிலிருக்கும் பிளவுக்குள் கம்பி போயிருந்தது. நிற்கிறவர்கள் பிடிக்கிற உயரத்தில் இல்லை. தாழ்வாக. தரையில் சரிந்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு வாகான உயரத்தில்.

ஒரு விரலைக் கம்பியின் மேல் வைத்தான்.

இரண்டு சின்ன இழுப்பு. பிறகு நீளமாக, பலம் போய்ச் சரிகிறது போல, ஒன்று.

விரலை எடுத்துவிட்டான். அந்தக் கணக்கு அவனுக்குத் தெரியும்.

கிரீஷின் எண்ணைத் தேடி எடுத்தான். பல மாதங்களுக்குப் பிறகு கூப்பிடுகிறான். நெடுநேரம் அடித்த பிறகு அண்ணன் எடுத்தான்.

"என்ன?"

"உங்க பக்கம் ஆரு இருக்கா?"

"எந்தப் பக்கம்?"

"கரமனையில. நடுக்கதவுக்கு அந்தால."

"சாவி எனக்க மேசையில கெடக்கு. ஆரும் இல்ல. நீ கதவைத் தொட்டியா? ஸ்டே இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ."

"தொடல. ஆரோ உள்ள இருக்காவோ. சத்தம் கேக்கு."

கிரீஷின் குரல் தாழ்ந்தது.

"சத்தம் கேக்கா உனக்கு? இப்போ கேக்கா? அன்னைக்குக் கேக்காத காது."

"அதைப் பேசாத."

"பின்னே எதைப் பேச? ஆடி கடைசி வரைக்கும் எனக்கு முறை. ஆவணி பொறந்தா உனக்கு. வக்கீல் ஆபீஸ்ல நீயும்தானடே தலையாட்டின."

"ஒரு மாசம் நீ, ஒரு மாசம் நான்னுதான் சொன்னாவோ. மாசம்னா ஒண்ணாந்தேதி. செப்டம்பர் ஒண்ணு எனக்கு. இந்தக் காலத்துல ஆடி ஆவணின்னு ஆரு கணக்கு வைக்கா?"

"அம்மை வச்சா," என்றான் கிரீஷ். "ஆவணி ஒண்ணு காலத்த, கோணின வாயை வச்சுக்கிட்டு, தலை சீவி விடச் சொல்லிக் கேட்டா. இளையவன் கூட்டிட்டுப் போவான்னு. நான்தான் சீவிவிட்டேன். தூக்கி நடுக்கதவு பக்கத்துல இருத்தி, கதவைத் தட்டி, சத்தம்போட்டுச் சொல்லிட்டுத்தான் வண்டி ஏறினேன். இனி உனக்க பாடுன்னு. கேட்டியா இல்லியா?"

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்லா."

"எனக்க நம்பரை நீ பிளாக் பண்ணி வச்சிருந்தியேடே."

சுஜித் போனை வைத்தான்.

கேட்டிருந்தான். அதுதான் விஷயம். காதில் ஹெட்போன், ஆபீஸ் மீட்டிங், அதற்கு நடுவில் கதவு தட்டுகிற சத்தமும் அண்ணன் குரலும் கேட்டன. என்ன சொன்னான் என்று கேட்டுக்கொள்ளவில்லை. அவன் பேச்சைக் கேட்பதில்லை என்று ஏற்கெனவே தீர்மானித்திருந்தான். பிறகு தட்டல் மட்டும் கேட்டது. அம்மா சிவகாமியம்மாளுக்கு இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சு குழறும், கூப்பிடக் குரல் எழும்பாது. வலக்கையால் இரண்டு தட்டு தட்டுவாள், பிறகு கை பலகையிலேயே உரசிக்கொண்டு கீழே சரியும். அண்ணிதான் ஆள் வைத்துத் தட்ட வைக்கிறாள், முறை முடியுமுன்னே கிழவியைத் தள்ளிவிடப் பார்க்கிறாள் என்று அவன் உறுதியாக நம்பினான். அப்போது ஆவணி நடந்துகொண்டிருந்தது. ஆகஸ்டும் நடந்துகொண்டிருந்தது. மாசமாக இருந்த திவ்யா, யாரோ தட்டுதாவோ, தொறந்து பாருங்க என்று ஒருமுறை தாழ்ப்பாள் வரைக்கும் போனாள். அவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். தட்டட்டும், இன்னும் செப்டம்பர் வரல என்றான்.

தட்டல் நின்ற அன்று, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து பிரியாணி வாங்கி வந்தான்.

வாடை வந்த பிறகுதான் கதவு திறந்தது. பக்கவாதக்காரி, தனியாக இருந்து விழுந்து செத்தாள் என்று எழுதி முடித்தார்கள். தம்பி மேல் தப்பென்று அண்ணனும், அண்ணன் மேல் தப்பென்று தம்பியும் சொல்லிச் சொல்லி, சுடுகாட்டில் இரண்டு பேரையும் பிடித்து விலக்க வேண்டியிருந்தது. அவனைப் பொறுத்தவரை இன்றைக்கும் அது அண்ணன் செய்த கொலைதான். யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வான். கேட்கத்தான் ஆளில்லை.

கிர்ர்க். கிர்ர்க். கிர்ர்ர்ர்ர்ர்ர்.

மறுபடி போன் அடித்தது. திவ்யா.

"பாலராமபுரம் தாண்டிட்டோம். ரோட்டுல பிளாக் இல்ல. இந்தா வந்துட்டோம்."

"வா," என்றான்.

பாலராமபுரத்திலிருந்து கரமனை எவ்வளவு தூரம்? தகடு திறந்து கிடந்தால் அவள் தங்கமாட்டாள். வண்டி திரும்பும். பிள்ளையை அவன் இன்னும் சரியாகத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. நாகர்கோவிலில் மாமனார் வீட்டுக் கூடத்தில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு முறை மடியில் வைத்தார்கள். அவ்வளவுதான். தலையின் மணம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

தகட்டை வெட்டி எடுத்துவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்து பார்க்கலாம். கிரைண்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை என்று கண்ணால் கண்டுவிட்டால் பயம் போய்விடும். அவன் கிரைண்டரைப் பார்த்தான். இடுக்கைப் பார்த்தான்.

கரண்ட் வந்தது.

கட்டிங் பிளையரை எடுத்து, துப்பாக்கி மூக்கை ஒட்டிக் கம்பியை நறுக்கினான். வெட்டுப்பட்ட முனை ஒரு நொடி காற்றில் ஆடியது. பிறகு எலிவால் பொந்துக்குள் போவதுபோல, அவசரமே இல்லாமல், இடுக்குக்குள் போய் மறைந்தது.

ரோலரை அழுத்தினான். முகமூடியை இறக்கினான். கீழ் விளிம்பின் இடது கோடியில் துப்பாக்கியை வைத்தான்.

நெருப்பு பற்றியது. கம்பி ஓடியது. திக்கல் இல்லை, நிற்றல் இல்லை, மெஷின் வாங்கிய நாளிலிருந்து இப்படி ஓடியதில்லை. பச்சைக் கண்ணாடிக்குள் உருகும் குளம் மட்டும் தெரிந்தது, அதன் பின்னால் மூடிக்கொண்டே வருகிற கோடு. பாதி தூரம் வந்தபோது தகடு அதிர்ந்தது.

கீழே. அவன் முழங்காலுக்கு நேராக.

தட். தட்.

அவன் நிறுத்தவில்லை.

தட். தட். ஸ்ஸ்ஸ்ர்ர்.

தேக்கு மேல் கை உரசும் சத்தம். தீப்பொறி மணிக்கட்டில் விழுந்து பொரிந்தது. நிறுத்தவில்லை. தன்வந்தரம் குழம்பின் வாடை முகமூடிக்குள் நிறைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, எனக்க முறை இல்ல, எனக்க முறை இல்ல என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு, இன்னும் ஒரு சாண், இன்னும் நாலு விரல், இன்னும் ஒரு விரல்.

வலது கோடி. விசையை விட்டான்.

கம்பி நின்றது. உடனே நின்றது. நகம் அளவுகூடக் கூட வரவில்லை.

தகட்டில் காதை வைத்துக் கேட்கத் தோன்றியது. சூடாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு தள்ளி நின்றான். சத்தம் ஒன்றுமில்லை. மழைகூட விட்டிருந்தது.

வாசலில் ஹார்ன்.

திவ்யா குடையில்லாமல் ஈரப் படிகளில் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறி வந்தாள். அவளுடைய அண்ணன் பைகளை இறக்கி வைத்துவிட்டு, இருட்டுமுன் போகணும் என்று வண்டியைத் திருப்பினான். அவள் முன்னறையில் நிற்கவில்லை. நேராக நடு அறைக்கு வந்து, தகட்டை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். நாலு பக்கமும் பார்த்தாள். கால் பெருவிரலால் கீழ் விளிம்பைத் தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டாள்.

"சூடா இருக்கு."

"இப்போதான் கொஞ்சம் டச்சப் பண்ணினேன்."

"நேத்தே அடச்சாச்சுன்னீங்க."

அவன் குனிந்து கேபிளைச் சுருட்டினான். அவள் முகத்தில் கோபம் வந்தது, தங்கவில்லை, போனது. களைத்திருந்தாள்.

"போட்டு. அடஞ்சா சரி," என்றாள். "பக்கமெல்லாம் அசிங்கமா இருக்கு. கீழ அடிச்சதுதான் பாக்க நல்லா இருக்கு."

படுக்கையறைக் கட்டிலில் பிள்ளையைக் கிடத்தினாள். நாகர்கோவிலில் சுற்றிய வெள்ளைத் துணிக்குள் அது முழுசாக முழித்துக்கொண்டு மச்சைப் பார்த்தது. "பாத்துக்குங்க. ஒரு செம்பு தண்ணி மேல விட்டுட்டு வாறேன், வண்டிப் புழுக்கம். ஈரமா இருந்தா துணி மாத்துங்க, பயப்படாம தூக்குங்க, ஒண்ணும் ஒடஞ்சு போயிராது."

குளியலறைக் கதவு சாத்தியது. வாளியில் தண்ணீர் விழுந்தது.

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். கை முழுக்கக் கரி, லுங்கியில் துடைத்துவிட்டு ஒரு விரலை மட்டும் நீட்டினான். பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு பிடியை அவன் எதிர்பார்க்கவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாக, எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தான். துணி நனைந்திருந்தது. முடிச்சை அவிழ்த்தான். ஒரு மடிப்பைத் தள்ளினான். இன்னொரு மடிப்பு.

இடுப்பில் கறுப்புக் கயிறு இருந்தது. நாகர்கோவில் பாட்டி கட்டியது.

அதற்கு மேலே இன்னொன்று.

செம்பு நிறத்தில். மெலிதாக. அந்தச் சின்ன வயிற்றைச் சுற்றி, தோல் அழுந்தாமல், அக்கறையாக, வீட்டுப் பெரியவர்கள் அரைஞாண் கட்டுகிற பக்குவத்தோடு, இரண்டு சுற்று. முனையைப் பிள்ளைக்குக் குத்திவிடக் கூடாதென்று உள்ளே மடக்கி முறுக்கியிருந்தது. ஒரே கையால் முறுக்கியதுபோல் கோணலாக.

மறுமுனை துணிக்குள்ளிருந்து வெளியே போனது.

கட்டில் விளிம்பு. தரை. நிலைப்படி. அவன் தலையைத் திருப்பினான், கண்ணை மட்டும் திருப்புவதுபோல மெதுவாக. கம்பி தளர்ந்து வளைந்து வளைந்து சிவப்புத் தரையில் கிடந்தது. நடு அறை வரைக்கும். தகடு வரைக்கும். கீழ் விளிம்பில் அவன் திக்கலே இல்லாமல் அடித்த கோட்டின் நடுவிலிருந்து, ஓட்டை இல்லாத கெட்டி இரும்பிலிருந்து, தோலிலிருந்து மயிர் முளைப்பதுபோல் வந்திருந்தது.

தரையில் ஒரு வளைவு நிமிர்ந்தது.

பிறகு அடுத்தது.

முறுக்கை அவிழ்க்க விரல் நுழையவில்லை. பிளையர் நடு அறையில். பிள்ளையைத் தூக்கினால் கம்பி இறுகும். விட்டுவிட்டு ஓடினால்.

கட்டிலிலிருந்து தரைக்கு விழுந்தான். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தான். உள்ளங்கையில் சுற்றினான். காலை நிலைப்படியில் ஊன்றினான்.

"என்ன சத்தம்?" குளியலறையிலிருந்து திவ்யா கேட்டாள்.

அவன் கம்பியை உள்ளங்கையில் இன்னொரு சுற்று சுற்றினான்.

இழுப்பில் கோபம் இல்லை. அவசரமும் இல்லை. தூங்குகிற பிள்ளையை ஒருவர் மடியிலிருந்து இன்னொருவர் மடிக்கு வாங்குகிற அளவு பலம்தான். இரண்டு சின்னதாக. பிறகு நீளமாக.

தலைக்கு மேலே கட்டிலில் பிள்ளை சிரித்தது.

கம்பி அவன் உள்ளங்கைக்குள் வழுக்கி, ரத்தத்தில் நனைந்து, அவன் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காமல், நகர்ந்துகொண்டிருந்தது.